குடியும் சோர்வும்: ஒரே மூளையின் இரு வருத்தங்கள்



இச்சொற்பொழிவு தமிழில் அமைய வேண்டும் என்று இதை ஒழுங்குசெய்த அறக்கட்டளையினர் கேட்டுக்கொண்டார்கள். 19ஆம் நூற்றாண்டில் வைத்தியர் சாமுவேல் பிஷ் கிறீன் மானிப்பாயில் இருந்துகொண்டு மேலை மருத்துவத்தைத் தமிழில் கற்பித்தார், பாடநூல்களையும் தமிழில் அச்சிட்டார். அந்த மண்ணில் மூளையைப் பற்றித் தமிழில் பேசுவது எனக்கு மகிழ்ச்சி.

1994ஆம் ஆண்டு பிரித்தானிய உளமருத்துவ சஞ்சிகை ஒன்றில் தயா சோமசுந்தரமும் சிவயோகனும் எழுதிய ஒரு சிறு கட்டுரை வெளிவந்தது. போர் நடந்துகொண்டிருந்த யாழ். குடாநாட்டில், சாதாரண மக்களுள் எழுமாறாகத் தெரிவுசெய்த ஏறத்தாழ நூறு பேரிடம் நடத்திய ஆய்வு அது. அவர்களில் நூற்றுக்கு 64 பேரிடம் போரின் உளத் தாக்கம் ஏதோ ஒரு வடிவில் இருந்தது. அந்தப் பட்டியலில் கடும் மனச்சோர்வு நூற்றுக்கு 25. மது, போதைப்பொருள் துர்ப்பாவனை நூற்றுக்கு 15. இரண்டும் தனித்தனி வரிகளாக நிற்கின்றன. போர் முடிந்த 2009இன் நடுப்பகுதியில் யாழ். மாவட்டத்தில் பெரிய அளவில் எடுத்த இன்னொரு ஆய்வு, 2011இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் வந்தது. 1,448 பேர் பதிலளித்தார்கள். மனச்சோர்வின் அறிகுறிகள் 22.2 வீதம், பதகளிப்பு 32.6 வீதம், நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு 7 வீதம். நம்முடைய மனச்சோர்வை உலகம் அறிந்துகொண்டது பெரும்பாலும் இந்த எண்களால்தான்.

இன்று நான் பேச வந்தது, 1994ஆம் ஆண்டுப் பட்டியலில் அந்த இரண்டு வரிகளுக்கும் இடையில் இருந்த வெள்ளை இடத்தைப் பற்றி. அந்த 15 பேரும் அந்த 25 பேரும் எவ்வளவு தூரம் ஒரே ஆட்கள்? ஒரே ஆட்களானால், அவர்களுக்குள் நடப்பது இரண்டு நோய்களா, இரண்டு பெயர் பெற்ற ஒரே குழப்பமா?

இது புத்தகத்துக்குள் மட்டும் இருக்கும் கேள்வி அன்று. கிளினிக்கின் வாங்கில் ஒவ்வொரு கிழமையும் வந்து இருக்கிற கேள்வி. “யோசினை கூட, டொக்டர். நித்திரை இல்லை. அதுதான் ஒரு கால் போத்தல் எடுக்கிறனான்” என்பார் அவர். “அவருக்கு ஒரு வருத்தமும் இல்லை, எல்லாம் குடியாலதான்” என்பார் பக்கத்தில் இருக்கிற மனைவி. இருவரும் பொய் சொல்லவில்லை. ஆனால் நம்முடைய சேவைகள் பெரும்பாலும் இந்த இருவரில் ஒருவரைத்தான் நம்புகின்றன. மனச்சோர்வுக்கு மருந்து கேட்டுப் போனால், முதலில் குடியை விட்டுவிட்டு வா என்று அனுப்புவார்கள். குடியை விடப் போன இடத்திலோ, அழுவதும் நித்திரையின்மையும் விட்டபின் தானாகச் சரியாகும் என்பார்கள். இரண்டு வாசல்களுக்கும் இடையில் அலைந்து களைத்து அந்த மனிதன் வீட்டுக்குத் திரும்புகிறான். இலங்கையில் மட்டும் இப்படி என்றில்லை, உலகெங்கும் இதே கதைதான். இப்படிப் பிரித்து அனுப்புவதை மூளையின் உயிரியல் ஆதரிக்கவில்லை என்பதே இன்று நான் சொல்ல வந்த செய்தி.

மதுசாரம் மிகச் சிறிய மூலக்கூறு. நீரிலும் கொழுப்பிலும் கரையும், சில நிமிடங்களில் மூளைக்குள் போய்விடும். முற்றிப் புளித்த பனங்கள்ளில் மதுசாரம் நூற்றுக்கு ஐந்து அளவில் இருக்கிறது. சாராயத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. 180 மில்லிலீற்றர் கால் போத்தல் சாராயம் குடித்தவரின் உடலுக்குள் ஏறத்தாழ 47 கிராம் தூய மதுசாரம் போகிறது. கள்ளத்தனமாகக் காய்ச்சும் கசிப்பில் எவ்வளவு என்பதைக் காய்ச்சியவனும் அறியான். இங்கே ஒன்றைச் சொல்லிவிட்டு மேலே போக விரும்புகிறேன். மதுவைப் பற்றிப் பேச்செடுத்தால் யாழ்ப்பாணத்தில் சிலருடைய கண் உடனே பனையேறும் தொழிலாளியின் பக்கம் திரும்பும். அந்தத் திரும்பலில் மருத்துவத்தைவிடச் சாதிதான் அதிகம் இருக்கிறது. எங்கள் விடுதிகளில் கை நடுங்கப் படுத்திருப்பவர்களில் மிகப் பலரைக் கொண்டுவந்து சேர்த்தது வடித்த மது. பனையோடு வாழ்கிறவரின் பிழைப்பைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றி எந்த நோயாளியையும் நாம் சுகப்படுத்தப் போவதில்லை.

மூளைக்குள் போன மதுசாரம் முதலில் இரண்டு காரியங்களைச் செய்கிறது. நரம்புக்கலங்களை அடக்கும் காபா என்ற கடத்தியின் வேலையைக் கூட்டுகிறது. அவற்றைத் தூண்டும் குளூட்டமேற்றின் வேலையைக் குறைக்கிறது. நெஞ்சுப் படபடப்பு அடங்கும், யோசினை ஓயும், கண் சொருகும். இதோடு மூளையின் அடிப்பகுதியில் டோப்பமினும், உடல் தானே உண்டாக்கும் அபின் போன்ற பொருள்களும் சுரக்கின்றன. குடித்தவுடன் வரும் ஆறுதல் மெய்யானது. அதை நாம் மறுத்துப் பேசினால், நம் பேச்சில் மிச்சத்தையும் நோயாளி நம்பமாட்டார்.

ஆனால் மூளை சும்மா இருப்பதில்லை. நாளாந்தம் வெளியிலிருந்து அடக்கும் பொருள் வந்துகொண்டிருந்தால், அது தன் காபா வாங்கிகளின் உணர்வைக் குறைத்துக்கொள்கிறது, குளூட்டமேற்று வாங்கிகளைக் கூட்டிக்கொள்கிறது. மாதக்கணக்கில், வருடக்கணக்கில் இப்படிச் சரிக்கட்டிய மூளையில் மதுசாரம் இல்லாத ஒரு விடியற்காலையை எண்ணிப் பாருங்கள். அடக்குவது குறைந்துவிட்டது, தூண்டுவது கூடிவிட்டது. கை நடுங்கும், வியர்க்கும், மனம் பதறும். அதேநேரம் டோப்பமின் பக்கமும் வற்றிப் போயிருக்கும். மதுவில் தங்கியிருப்போரின் மூளையில் ஒரு வகை டோப்பமின் வாங்கி குறைந்திருப்பதைப் படப்பிடிப்பு ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியுள்ளன. பிள்ளையின் சிரிப்பும் கோயில் மேளமும் நல்ல மீன்குழம்பும் முன்னர் எழுப்பிய அசைவை இப்போது எழுப்பமாட்டா. “ஒண்டிலும் பிடிப்பில்லை” என்று மனச்சோர்வுற்றவர் சொல்வதும் இதையேதான்.

குடாநாட்டுக் கிணறு நம் எல்லோருக்கும் தெரியும். சுண்ணாம்புக்கல்லின் இடுக்குகளில் மழைநீர் இறங்கி, கீழே கிடக்கும் கடலுவரின் மேல் மெல்லிய படையாக மிதக்கிறது. துலா மிதித்து அளவாக இறைத்த காலத்தில் நன்னீர் நன்னீராகவே இருந்தது. இயந்திரம் பூட்டி இரவு பகலாக இறைத்த இடங்களில் உவர் மேலே ஏறியது. உவர்த்துவிட்டதே என்று இன்னும் இறைத்தால் இன்னும் உவர்க்கும். தங்கியிருத்தலின் நடுப்பகுதி இதுதான். குடியால் கிடைக்கும் இன்பம் குறைந்துகொண்டே போகிறது, குடியாத வேளையின் துன்பம் அடியிலிருந்து ஏறிக்கொண்டே வருகிறது. அமெரிக்க நரம்பியலாளர் ஜோர்ஜ் கூப் இந்த ஏறும் துன்பத்தைத்தான் பல பத்தாண்டுகளாக ஆராய்ந்தார். முதற் கட்டத்தில் மனிதன் இன்பத்துக்காகக் குடிக்கிறான், கடைசிக் கட்டத்தில் துன்பத்தை நிறுத்துவதற்காகக் குடிக்கிறான், இந்த இரண்டையும் நடத்தும் மூளைச் சுற்றுகளும் வேறு வேறு என்பது அவருடைய வாதம். நம்மூர்க் குடிகாரனைப் பார்த்து “சந்தோசத்துக்குக் குடிக்கிறான், கொழுப்பு” என்று சொல்கிறவர்கள் முதற் கட்டத்தை மட்டுமே கண்டவர்கள்.

இரண்டாம் கட்டத்தை நடத்துவது நெருக்கீட்டின் உயிரியல். மூளையின் ஐப்போதலமசு ஒரு சிறு புரதத் துணுக்கைச் சுரக்க, கபச்சுரப்பி விழிக்கிறது. அது சிறுநீரகங்களின் மேலே இருக்கும் அதிரீனற் சுரப்பிகளை ஏவ, கோட்டிசோல் இரத்தத்தில் கலக்கிறது. ஷெல் விழும் வேளையில் ஓட வைப்பது இந்த அச்சு. ஆபத்து நீங்கியதும் கோட்டிசோலே மேலே போய் இந்த ஓட்டத்தை நிறுத்த வேண்டும். கடும் மனச்சோர்வுள்ள பலரிடம் இந்த நிறுத்தம் சரியாக நடப்பதில்லை. இரவில் டெக்சாமெதசோன் என்ற செயற்கை ஓமோனைக் கொடுத்தால் மறுநாட் காலை கோட்டிசோல் குறைந்திருக்க வேண்டும், அவர்களிடம் குறையவில்லை. 1981இல் அமெரிக்காவின் மிச்சிகனில் பேர்னாட் கரொல் என்பவர், மனச்சோர்வைக் கண்டுபிடிக்கும் ஆய்வுகூடச் சோதனையாகவே இதை முன்வைத்தார். அப்போது உலகெங்கும் பெரிய எதிர்பார்ப்பு. கொஞ்சக் காலத்துக்குள் சிக்கல் வந்தது. குடியை அண்மையில் நிறுத்தியவர்களிடமும் அதே முடிவு கிடைத்தது, சில கிழமைகள் கழிந்ததும் அவர்களில் பலருக்கு அது இயல்புக்குத் திரும்பியது. மனச்சோர்வை மட்டும் தனியே காட்டும் சோதனை என்ற வகையில் அது தோற்றது. என் கண்ணுக்கு அந்தத் தோல்வி ஒரு கண்டுபிடிப்பு. இரண்டு நோய்களும் ஒரே அச்சைப் பிடித்திருந்தபடியால்தான் சோதனையால் அவற்றைப் பிரிக்க முடியவில்லை.

அதே புரதத் துணுக்கு இன்னோரிடத்திலும் வேலை செய்கிறது. அச்சத்தை ஆளும் அமிக்டலாவிலும் அதைச் சுற்றிய பகுதிகளிலும், மதுவை நிறுத்தும்போது அது கூடிப்போவதை விலங்காய்வுகள் தெளிவாகக் காட்டின. அங்கே டைனோபின் என்ற இன்னொரு பொருளும் சேர்ந்து டோப்பமினைக் கீழே இழுத்து மனத்தை இருளச் செய்கிறது. நீண்ட நெருக்கீட்டுக்கு உட்படுத்தி மனச்சோர்வு போன்ற நிலையை உண்டாக்கிய விலங்குகளிலும் இந்த இரண்டு பொருள்களுமே அகப்பட்டன.

நம் மக்களை நினைக்காமல் இந்தப் பகுதியை என்னால் வாசிக்க முடிவதில்லை. 1995 ஒக்ரோபர் கடைசியில் வலிகாமத்தை விட்டு, மழையில், தென்மராட்சிப் பக்கம் நடந்த பிள்ளைகள் இன்று நாற்பதை ஒட்டியவர்கள். சிறுவயதில் திரும்பத் திரும்ப நெருக்கீட்டைச் சந்தித்தோரின் கோட்டிசோல் அச்சு நீண்ட காலத்துக்கு மாறிப்போகிறது, பிற்காலத்தில் மனச்சோர்வுக்கும் மதுவில் தங்கியிருத்தலுக்கும் ஆபத்து கூடுகிறது என்பது பல நாடுகளில் நிறுவப்பட்ட உண்மை. நம் கிளினிக்கில் நாற்பது வயதில் வந்து நிற்பவரின் குடியை நேற்றைய சம்பளத்தோடு மட்டும் சேர்த்துப் பார்ப்பது போதாது.

ஆனால் “போர்தான் குடிக்க வைத்தது” என்று முடித்துவிடுவதையும் நான் ஏற்கவில்லை. அதே பாதையில் நடந்தவர்களில் பெரும்பான்மையோர் மதுவில் தங்கவில்லை. நம் பெண்கள் அதே நடையை, பலர் கையில் குழந்தையோடு, நடந்தார்கள். அவர்கள் குடிப்பது மிகக் குறைவு, மனச்சோர்வோ அவர்களிடம் கூட. 1970களில் அமெரிக்காவின் ஐயோவாவில் ஜோர்ஜ் வினோக்கர் என்ற உளமருத்துவர் ஒரு வகைக் குடும்பத்தைக் கவனித்தார். ஆண்களிடம் குடி, பெண்களிடம் மனச்சோர்வு. ஒரே பரம்பரைப் பலவீனம் ஆணில் ஒரு வடிவமும் பெண்ணில் இன்னொரு வடிவமும் எடுக்கிறதோ என்று கேட்டார். அவர் சொன்னபடியே முழுவதும் நிலைக்கவில்லை என்றாலும், கேள்வி வீண்போகவில்லை. 2018இல் பல்லாயிரம் பேரின் மரபணுக்களை ஒப்பிட்ட ஓர் ஆய்வு, மதுவில் தங்கியிருத்தலுக்கும் மனச்சோர்வுக்கும் இடையிலான மரபுத் தொடர்பை ஏறத்தாழ 0.56 என்று கணக்கிட்டது. ஒன்று என்றால் முழு ஒற்றுமை, பூச்சியம் என்றால் தொடர்பே இல்லை. எவ்வளவு குடிக்கிறார் என்பதோடு மட்டும் சம்பந்தப்பட்ட மரபணுக்கள் மனச்சோர்வோடு இப்படி ஒட்டவில்லை என்று அடுத்து வந்த ஆய்வுகள் காட்டின. குடிப்பதன் மரபும் குடியில் சிக்குவதன் மரபும் வேறு, சிக்குவதுதான் மனச்சோர்வுக்கு உறவு. அந்த ஆய்வுகளில் பங்கெடுத்தோர் பெரும்பாலும் ஐரோப்பிய வழிவந்தவர்கள் என்பதையும் மாணவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

மிச்சத்தை விரைவாகச் சொல்கிறேன். செரட்டோனினையும் டோப்பமினையும் உடைக்கும் ஒரு நொதியம் மனச்சோர்வுற்றோரின் மூளையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடியிருப்பதை 2006இல் ரொறன்ரோவில் ஜெஃப்ரி மேயரின் குழு படம்பிடித்துக் காட்டியது. சில ஆண்டுகள் கழித்து மதுவில் தங்கியிருப்போரின் முன்மூளையிலும் அதே நொதியம் கூடியிருந்ததை அதே குழு கண்டது. நினைவுக்குப் பொறுப்பான ஹிப்போகாம்பசு இரண்டிலும் சுருங்குகிறது. அழற்சிக்கான குறிகாட்டிகள் இரண்டிலும் உயர்கின்றன. இந்தக் கடைசி விடயத்தில் எனக்கு மிகப் பிடித்த ஆய்வு 2014இல் பெல்ஜியத்திலிருந்து வந்தது. மதுவில் தங்கியிருந்த சிலரின் குடற்சுவர் கசிவுடையதாக இருந்தது, சிலருக்கு அப்படி இருக்கவில்லை. குடியை நிறுத்தி மூன்று கிழமை கழிந்தபின் பார்த்தார்கள். கசிவுடையவர்களிடமே மனச்சோர்வும் பதகளிப்பும் குடிக்கும் வேட்கையும் கூடியிருந்தன. குடலில் கிடக்கும் பற்றீரியாக்களின் துண்டுகள் இரத்தத்தில் கலந்து மூளை வரைக்கும் துன்பத்தைக் கொண்டுபோகின்றன என்று எண்ண இது இடந்தருகிறது.

அந்த மூன்று கிழமை என்ற கணக்கில் கொஞ்சம் நிற்போம். எது முதலில் வந்தது என்ற பழைய வழக்குக்கு விடை காலத்தில்தான் இருக்கிறது. அமெரிக்காவின் சான் டியாகோவில் சாண்ட்ரா பிறவுணும் மார்க் ஷூக்கிட்டும் மதுவுக்காக விடுதியில் சேர்ந்த 191 ஆண்களைக் கிழமைக்குக் கிழமை அளந்து 1988இல் முடிவை வெளியிட்டார்கள். சேர்ந்த முதல் இரண்டு நாளில் 42 வீதமானோருக்கு மருத்துவ அளவில் மனச்சோர்வு இருந்தது. நான்காம் கிழமையில் 6 வீதம். மனச்சோர்வுக்கென்று மருந்து எதுவும் இல்லாமலேயே வந்த மாற்றம் இது. உவர் இறங்க அவ்வளவு காலம் பிடித்திருக்கிறது. இன்னொரு பக்கம், நியூசிலாந்தின் பொடனும் பெர்கசனும் 2011இல் பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து, இரண்டில் எது இருந்தாலும் மற்றது வரும் ஆபத்து ஏறத்தாழ இரட்டிக்கிறது என்றார்கள். குடியிலிருந்து சோர்வுக்குப் போகும் பாதை வலுவானது என்பது அவர்கள் கருத்து.

இந்த எண்களை வைத்து, எல்லாம் குடியால் வந்த சோர்வு, பொறுத்தால் போய்விடும் என்று வாதிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அது ஆபத்தான வாசிப்பு. அந்த 6 வீதத்தினரின் சோர்வு மெய்யான தனிநோய். நெருக்கீட்டின் வடுக்கள் இவ்வளவு உள்ள நம் சமூகத்தில் அந்த மிச்சம் பெரிதாகவே இருக்கும் என்று நான் நினைக்கிறேன். அதோடு நான்கு கிழமை பொறுத்திருக்க முடியாமல், அதற்குள் உயிரை மாய்த்துக்கொள்ளக் கூடியவர்கள் உண்டு. கணேஸ்வரனும் அவரோடு சேர்ந்தோரும் யாழ்ப்பாணத் தற்கொலைகளைப் பற்றி 1984இலேயே எழுதியிருந்தார்கள். போர் உக்கிரமான ஆண்டுகளில் தற்கொலை வீதம் இங்கே குறைந்ததை 1995இல் சோமசுந்தரமும் இராசதுரையும் காட்டினார்கள். அதே 1995இல் இலங்கை முழுவதற்குமான வீதம் இலட்சத்துக்கு ஏறத்தாழ 47 என்ற உச்சத்தில் இருந்தது, நச்சுத்தன்மை கூடிய கிருமிநாசினிகளுக்குத் தடைகள் வந்தபின் படிப்படியாக இறங்கியது. சோர்வுற்ற மனிதன் வெறியில் இருக்கும்போது, நின்று யோசிக்க வைக்கும் முன்மூளை செயலிழந்திருக்கிறது. சாக வேண்டும் என்று குடித்துவிட்டுச் சொன்னவரை “வெறியில கதைக்கிறார்” என்று யாரும் தள்ளிவிட வேண்டாம். குடிக்காதபோது சொல்பவரைவிட அவருக்கே ஆபத்து அதிகம். அன்றிரவே ஒருவர் அவரோடு இருக்க வேண்டும், விடிந்ததும் வைத்தியசாலைக்குக் கூட்டிவர வேண்டும்.

இனி, மருத்துவ நூல்களில் இல்லாத ஒன்றைச் சொல்கிறேன். ஆடி அமாவாசை கழிந்த ஆறாம் நாள் நல்லூர்க் கந்தன் கோயிலில் கொடி ஏறுகிறது. 24ஆம் நாள் தேர், 25ஆம் நாள் தீர்த்தம். அந்த நாட்களில் குடாநாட்டின் எத்தனையோ வீடுகளில் மச்சம் இல்லை, மதுவும் இல்லை. வருடம் முழுவதும் குடிப்பவர்களில் பலர், யாரும் வற்புறுத்தாமல், இந்த 25 நாட்களும் தொடாமல் இருக்கிறார்கள். சான் டியாகோவில் விடுதி அமைத்து, சம்பளம் கொடுத்து உருவாக்கிய நான்கு கிழமையை ஏறத்தாழ அப்படியே நம்முடைய கந்தன் ஆண்டுதோறும் இலவசமாகத் தருகிறான். நாம் அதைப் பயன்படுத்துவதே இல்லை.

இந்த விரதத்தில் இரண்டு ஆபத்துகள் உண்டு. முதலாவது தொடக்கத்தில். நாளாந்தம் அதிகம் குடிப்பவர் கொடியேற்றத்தன்று ஒரேயடியாக நிறுத்தினால், முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள் வரை பிதற்றல், இல்லாததைக் காணுதல், காய்ச்சல், உயிராபத்து. மூன்றாம் திருவிழாவில் ஒருவர் இல்லாத பூச்சிகளைத் தட்டிக்கொண்டிருந்தால் அது சாமி குற்றம் அன்று, மருத்துவ அவசரம். காலையில் குடிக்காவிட்டால் கை நடுங்கும் எவரும் கொடியேற்றத்துக்கு ஒரு கிழமை முன்பே வைத்தியரைக் காண வேண்டும். சில நாட்களுக்கான குளிசையும் விற்றமின் பி1உம் அந்த ஆபத்தைப் பெருமளவு தவிர்க்கும்.

இரண்டாவது ஆபத்து முடிவில். தீர்த்தம் முடிந்ததும் பலர் பழைய இடத்துக்கே திரும்புகிறார்கள். ஊர் இதை மனவுறுதிக் குறை என்கிறது. 25 நாள் உறுதியாக இருந்த ஒருவரிடம் உறுதி இல்லை என்று எப்படிச் சொல்வது? உடலின் நடுக்கம் முதற் கிழமையிலேயே போய்விட்டது. நித்திரை இன்னும் சீராகவில்லை, அமிக்டலா இன்னும் அடங்கவில்லை, சின்னச் சொல்லுக்கும் நெஞ்சு எரிகிறது. இவை மாதக்கணக்கில் நீளக்கூடியவை. அதைவிட முக்கியம், அவரிடம் தனிநோயாக ஒரு மனச்சோர்வு இருந்திருந்தால் அது இப்போதுதான் மூடுதிரை இல்லாமல் வெளியே வந்து நிற்கிறது. அந்த நேரம் பார்த்து அவரை யாரும் பார்ப்பதில்லை. கோயில் விரதம் முடிந்துவிட்டது, கிளினிக்குக்கு அவர் வந்ததே இல்லை.

சிகிச்சையில் இரண்டையும் ஒன்றாகப் பிடிப்பதற்கு நல்ல சான்று உண்டு. 2010இல் பிலடெல்பியாவில் ஹெலன் பெற்றினாற்றியின் குழு, மதுவில் தங்கியிருத்தலும் மனச்சோர்வும் சேர்ந்திருந்த 170 பேரை நான்காகப் பிரித்து 14 கிழமை மருந்து கொடுத்தது. மனச்சோர்வுக்கான செற்றலின், குடிவேட்கையைத் தணிக்கும் நால்றெக்சோன், இரண்டும் சேர்த்து, வெறுங் குளிசை. இரண்டையும் சேர்த்து எடுத்தோரில் 53.7 வீதமானோர் குடிக்காமல் நிலைத்தார்கள். மற்ற மூன்று குழுக்களிலும் அது 21க்கும் 28க்கும் இடையில். ஒரே ஆய்வு என்பதால் எச்சரிக்கையாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் ஒன்றை முடித்துவிட்டு மற்றதைப் பார்ப்போம் என்ற பழக்கத்தை அது கேள்விக்கு உட்படுத்துகிறது.

பொதுவான உயிரியல் இருந்தால் பொதுவான ஒரு குளிசையும் கிடைத்துவிடும் என்று நானும் உங்களோடு ஆசைப்படுகிறேன். இன்னும் கிடைக்கவில்லை. நெருக்கீட்டுப் புரதத் துணுக்கின் வாங்கியை மறிக்கும் மருந்துகள் எலிகளில் அருமையாக வேலை செய்தன. மனச்சோர்வில் சோதித்தபோது எதிர்பார்த்த பயன் இல்லை. 2015இலும் 2016இலும் மதுவுக்காகச் சோதித்த பெக்சசெர்பொன்ற், வெறுசெர்பொன்ற் என்ற இரண்டும் மனிதரின் குடிவேட்கையைக் குறைக்கவில்லை. வழி கண்டதும் வாசல் திறந்துவிடுவதில்லை. “தெரியாமல் சாப்பாட்டில கலந்து குடுக்க ஒரு குளிசை இருக்கோ?” என்று மனைவிமார் கேட்கும்போதும் இதையே நான் மெல்லச் சொல்ல வேண்டியிருக்கிறது. அவர்கள் நினைப்பது டைசல்பிறம். அதை அறியாமல் எடுத்தவர் அதன்மேல் குடித்தால் இரத்த அழுத்தம் விழுந்து இறக்கவும் கூடும். அந்தக் கேள்விக்குப் பின்னால் இருக்கும் களைப்பைத்தான் நாம் முதலில் கேட்க வேண்டும். கேட்கும் பெண்ணுக்கே மனச்சோர்வு இருக்கிறதா என்று விசாரிப்பது அந்தக் கிளினிக்கின் கடமை.

பிள்ளைகளையும் விட்டுவிட முடியாது. கிளாடியா கற்றானியின் குழு 2008இல் வெளியிட்ட ஆய்வில் வடக்குக் கிழக்கின் 296 தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகள் பங்குபற்றினார்கள். வீட்டில் பிள்ளைக்கு நேரும் வன்முறையை முன்கூட்டிக் காட்டியவற்றுள் தந்தையின் குடியும் ஒன்று, போரின் அனுபவம் இன்னொன்று. அடி வாங்கும் பிள்ளையின் கோட்டிசோல் அச்சு, போர் முடிந்த பின்னும், ஷெல் விழும் காலத்தின் கணக்கிலேயே வளர்கிறது. தந்தைக்குச் சிகிச்சை கொடுப்பது அடுத்த தலைமுறையின் மூளைக்கும் கொடுக்கும் சிகிச்சை என்று நான் சொல்வது இதனால்தான்.

இந்த அறக்கட்டளையினரிடம் ஒரு வேண்டுகோளை வைக்கிறேன். நல்லூர்க் கொடியேற்றத்துக்கு ஒரு கிழமை முன், விரதம் இருக்கப் போகும், குடிப்பழக்கமுள்ள, விருப்பத்தோடு முன்வரும் ஆண்களைப் பிரதேச வைத்தியசாலைகளின் வழியாகச் சேர்க்கலாம். உலக சுகாதார நிறுவனத்தின் பத்துக் கேள்வி கொண்ட மது வினாக்கொத்தையும் மனச்சோர்வுக்கான ஒன்பது கேள்விகளையும் தமிழில் கேட்கலாம். நிறுத்தினால் ஆபத்து நேரக்கூடியவர்களை அன்றே பிரித்து விடுதியில் சேர்க்க வேண்டும், அது ஆய்வுக்கும் முந்திய கடமை. மற்றவர்களைப் பத்தாம் திருவிழாவிலும் தீர்த்தத்துக்கு மறுநாளும் மூன்று மாதம் கழித்தும் திரும்ப அளக்கலாம். நித்திரை, மனநிலை, குடிவேட்கை மூன்றும் எந்த வரிசையில் இறங்குகின்றன, தீர்த்தத்தன்றும் இறங்காமல் நிற்பது யாருடைய மனச்சோர்வு, அவருக்கு அன்றே மருந்தும் உளவளத்துணையும் தொடங்கினால் மூன்றாம் மாதம் என்ன ஆகிறது? இந்தக் கேள்விகளுக்கு நம் மண்ணிலேயே விடை காணலாம். பெரிய இயந்திரம் எதுவும் வேண்டாம். நான்கைந்து மாணவர்கள், ஒரு தாதி, ஒரு சமூகசேவை உத்தியோகத்தர், போக்குவரத்துச் செலவு, அவ்வளவே.

நெறிமுறைக் குழுவின் அனுமதிக்கு மாதங்கள் எடுக்கும். வருகிற ஆடி அமாவாசைக்குள் தொடங்குவதானால் விண்ணப்பம் பங்குனியில் போக வேண்டும். இதில் சேர விரும்பும் மாணவர்கள் இந்தக் கூட்டம் முடிந்ததும் மேடைக்கு அருகில் வந்து பெயர் கொடுங்கள்.